ஒரே சமையல், இரண்டு ரிப்போர்ட்: கொலஸ்ட்ராலைச் சாப்பாட்டால் எவ்வளவு குறைக்கலாம்?

அடுப்படி ஆரோக்கியம்



எண்ணெய் குடிக்காத தீபாவளிப் பலகாரங்கள் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டேன். ஒரு வாசகியின் கடிதம்தான் காரணம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்.

"மேடம், எங்களுடையது கூட்டுக் குடும்பம். மாமியார், கணவர், நான், இரண்டு பிள்ளைகள், கணவரின் அண்ணன், ஓர்ப்படி. ஓர்ப்படி வேலைக்குப் போகிறார், அதனால் சமையல் என் பொறுப்பு. என் கணவருக்கு 46 வயது. ஆபீஸில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் 162 என்று வந்தது. சர்க்கரை, பிரஷர், சிகரெட் எதுவும் கிடையாது. 'மூணு மாசம் சாப்பாட்டைச் சரி பண்ணுங்க, நடங்க, அப்புறம் பார்க்கலாம்' என்றார் டாக்டர். அன்றிலிருந்து எண்ணெயைக் குறைத்து, காய்கறியைக் கூட்டிச் சமைக்கிறேன்.

என் கவலை அவரைப் பற்றி இல்லை. என் மூத்தாருக்கு 54 வயது. இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தோம். மாத்திரையெல்லாம் ஒழுங்காகத்தான் சாப்பிட்டார். கால் வலிக்கிறது என்று மட்டும் சொல்வார். பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, ஆப்பிள் சைடர் வினிகர், தேன் கலந்த கஷாயம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. அதைக் குடிக்க ஆரம்பித்தவர், கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டார். நாலு மாசம் ஆகிறது. யாரிடமும் சொல்லவில்லை. அலமாரியைத் துடைக்கும்போது பிரிக்காத அட்டைகளை நான்தான் பார்த்தேன். கேட்டதற்கு, 'அதான் தம்பிக்காக நீ பத்தியமா சமைக்கிறியேம்மா, அதைத்தானே நானும் சாப்பிடறேன், அப்புறம் மாத்திரை எதுக்கு?' என்று சிரித்தார். போன வாரம் டெஸ்ட் எடுத்தோம். 64 இருந்த எல்.டி.எல். இப்போது 138. 'பார்டர்லைன்னுதான் போட்டிருக்கான்' என்கிறார். என் சமையலை நம்பி ஒருத்தர் மாத்திரையை விட்டிருக்கிறார் என்று நினைத்தால் கை நடுங்குகிறது. நான் என்ன சமைக்கட்டும்?"

என்ன சமைக்கலாம் என்று விளக்கமாகவே சொல்கிறேன் சகோதரி. சமையல் எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கடைசியில் உங்கள் மூத்தாருக்கும் சில வரிகள் எழுதியிருக்கிறேன்.

கொலஸ்ட்ரால் எங்கிருந்து வருகிறது?

கொலஸ்ட்ரால் விஷம் இல்லை. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் அது தேவை. ஹார்மோன்கள், வைட்டமின் டி, உணவைச் செரிக்க உதவும் பித்தநீர் எல்லாம் அதிலிருந்துதான் உருவாகின்றன. நம் ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே தயாரிக்கிறது. தட்டில் இருந்து நேராக வருவது குறைவு.

அதனால்தான் முட்டையின் மீது இருந்த பயம் இப்போது குறைந்திருக்கிறது. ஒரு மஞ்சள் கருவில் 200 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கொலஸ்ட்ரால் உண்டு. ஆனாலும் ரத்தத்தில் எல்.டி.எல்.லை அதிகம் ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பும், வனஸ்பதி வகையறாவில் உள்ள டிரான்ஸ் கொழுப்பும்தான். நெய், வெண்ணெய், பாமாயில், தேங்காய் எண்ணெய், ஆட்டுக்கறிக் கொழுப்பு எல்லாம் நிறைவுற்ற கொழுப்பு நிறைந்தவை. இந்தக் கொழுப்பு அதிகமாகும்போது, ரத்தத்தில் இருக்கும் எல்.டி.எல்.லைக் கல்லீரல் உள்ளே இழுத்துக்கொள்ளும் வேகம் குறைகிறது. வெளியே தேங்குவது ரத்தக்குழாய்ச் சுவரில் படிகிறது.

இன்னொரு விஷயம். தாவரங்களில் கொலஸ்ட்ராலே கிடையாது. கடலெண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிதாகப் போட்டிருந்தால், அது எல்லாக் கடலெண்ணெய்க்கும் பொருந்தும். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறோம். அதற்குக் கீழே உள்ள மூன்று வரிகள்தான் முக்கியம்.

எல்.டி.எல்.: ரத்தக்குழாயில் படியக்கூடியது. இதய நோயோ வேறு பெரிய அபாயங்களோ இல்லாதவர்களுக்கு 100-க்குக் கீழே இருப்பது நல்லது. 190-ஐத் தாண்டினால் சாப்பாட்டுச் சோதனை செய்துகொண்டு காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இந்தக் கோளாறு உண்டு.

ஹெச்.டி.எல்.: ஆண்களுக்கு 40-க்கு மேல், பெண்களுக்கு 50-க்கு மேல் இருக்க வேண்டும்.

ட்ரைகிளிசரைடு: 150-க்குக் கீழே இருக்க வேண்டும். 500-ஐத் தாண்டினால் கணையத்துக்கே ஆபத்து.

நம் ஊரில் எல்.டி.எல். அவ்வளவு ஏறாமல், ஹெச்.டி.எல். குறைந்து ட்ரைகிளிசரைடு ஏறியிருப்பவர்கள் ஏராளம். சென்னையில் உள்ள மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. ரத்தக் கொழுப்பு அளவுகளில் ஏதோ ஒன்றாவது சரியில்லாதவர்கள் 81.2 சதவீதம். ட்ரைகிளிசரைடு ஏறியவர்களுக்கு எண்ணெயைவிட முதலில் குறைக்க வேண்டியவை வெள்ளைச் சோறு, சர்க்கரை, மைதா, மது ஆகியவை. எண்ணெயே இல்லாமல் சமைத்து, மூன்று வேளையும் தட்டு நிறையச் சோறு சாப்பிட்டால் ட்ரைகிளிசரைடு இறங்காது.

கொலஸ்ட்ரால் திடீரென்று ஏறியிருந்தால் தைராய்டு பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகும் ஏறுவது உண்டு.

கத்தரிக்காயும் வெண்டைக்காயும் கனடா போன கதை

சாப்பாட்டால் எவ்வளவு குறையும் என்பதற்கு நல்ல பதில் கனடாவில் கிடைத்தது. டொரன்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இருக்கிறார். சர்க்கரை நோயாளிகள் எல்லோரும் பேசும் கிளைசெமிக் இண்டெக்ஸை 1981-ல் உலகத்துக்குச் சொன்னவர் இவர்தான். கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் கொஞ்சம் குறைக்கும் உணவுகளை ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று இவர் பார்த்தார். ஓட்ஸ், பார்லி, இசப்கோல், பாதாம், சோயா, தாவர ஸ்டெரால் சேர்த்த மார்ஜரின். அவற்றோடு வழவழப்பான நார்ச்சத்துக்காக அவர் சேர்த்த காய்கள் நம் வெண்டைக்காயும் கத்தரிக்காயும்!

2003-ல் வெளியான அந்த ஆய்வில் 46 பேர் பங்கேற்றார்கள். உணவை ஆராய்ச்சியாளர்களே கொடுத்தார்கள். நாலே வாரத்தில் எல்.டி.எல். சுமார் 28 சதவீதம் குறைந்தது. மாத்திரை சாப்பிட்ட குழுவுக்குக் குறைந்தது சுமார் 31 சதவீதம். 'மாத்திரையே வேண்டாம்' என்று சொல்பவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

மீதிக் கதை 2011-ல் வந்தது. அதே குழு சுமார் 350 பேரை அவரவர் வீட்டில், அவரவரே வாங்கிச் சமைத்துச் சாப்பிடச் சொன்னது. ஆறு மாதத்தில் குறைந்தது 13 சதவீதம். கல்யாணம், காதுகுத்து, டூர், சோம்பல் எல்லாம் இருக்கும் நிஜ வாழ்க்கையில் கிடைக்கும் பலன் இதுதான்.

13 சதவீதம் குறைச்சலா என்றால், இல்லை. உங்கள் கணவரின் 162-ல் 13 சதவீதம் குறைந்தால் 141. நடையும் எடைக் குறைப்பும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும். வருஷக்கணக்கில் அப்படியே வைத்துக்கொண்டால் ரத்தக்குழாய்க்குப் பெரிய நிம்மதி.

அடுப்படியில் செய்ய வேண்டிய ஐந்து மாற்றங்கள்

1. எண்ணெய்க் கணக்கு

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு நாள் உணவில் எண்ணெயும் நெய்யுமாக 27 கிராம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். சுமார் 6 டீஸ்பூன். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன மாத மளிகை பில்லை எடுத்துப் பாருங்கள். கடையில் வாங்கிச் சாப்பிட்ட வடை, பஜ்ஜி இந்தக் கணக்கில் வரவில்லை என்பதையும் மறக்காதீர்கள்.

எந்த எண்ணெய்? கடலெண்ணெய், நல்லெண்ணெய் இரண்டிலும் நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம். பாமாயிலில் பாதி. நெய்யில் 60 சதவீதத்துக்கு மேல். தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல். தேங்காய் எண்ணெய் ஹெச்.டி.எல்.லையும் கொஞ்சம் ஏற்றும் என்பது உண்மைதான். கூடவே எல்.டி.எல்.லையும் ஏற்றுகிறது. எனவே தினச் சமையலுக்குக் கடலெண்ணெய், நல்லெண்ணெய் போதும். அவியலுக்கு மேலே ஊற்றும் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயைப் பிடுங்க மாட்டேன்.

வனஸ்பதி வீட்டுக்குள் வரவே வேண்டாம். எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் இந்தியாவில் விதி இருக்கிறது. ஆனால் வீட்டில் பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுட வைத்தால் அந்த விதி நம்மைக் காப்பாற்றாது.

2. தினம் ஒரு சுண்டல்

நவராத்திரி முடிந்ததும் சுண்டலுக்கு விடை கொடுத்துவிடுகிறோம். கொலஸ்ட்ராலுக்கு நம் வீட்டில் இருக்கும் நல்ல ஆயுதம் அதுதான். பயறு வகைகள் பற்றிய 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் கனடா ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட முடிவு இது: தினம் ஒரு தடவை, வெந்தது சுமார் 130 கிராம் சாப்பிட்டால் எல்.டி.எல். 5 சதவீதம் அளவுக்குக் குறைகிறது. ஊற வைப்பதற்கு முன் ஒரு பெரிய கைப்பிடி, அதாவது 50 கிராம் போதும். கொண்டைக்கடலை, காராமணி, மொச்சை, பாசிப்பயறு, கொள்ளு என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். தேங்காய்த் துருவல் ஒரு ஸ்பூன் தூவினால் குற்றமில்லை. சுண்டல் சாப்பிடுகிற நாளில் சோற்றை ஒரு கரண்டி குறைத்துவிடுங்கள்.

3. வழவழப்பு நல்லது

வெண்டைக்காயில் வழவழப்பாக வருகிறதே, அது கரையும் நார்ச்சத்து. குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். புதிதாகப் பித்தநீர் செய்யக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். அதை ரத்தத்தில் இருந்து இழுத்துக்கொள்ளும். எல்.டி.எல். இறங்கும். அவ்வளவுதான் சூட்சுமம்.

அதனால் வெண்டைக்காயை எண்ணெயில் மொறுமொறுவென்று வறுக்காமல், புளிக்குழம்பிலோ மோர்க்குழம்பிலோ பச்சடியிலோ போடுங்கள். அவரை, கத்தரி, கேரட், கொய்யா, ஆரஞ்சு ஆகியவற்றிலும் இந்த நார் உண்டு. பழத்தைச் சாறாக்கி வடிகட்டினால் நார் போய்விடும்.

ஓட்ஸ், பார்லியில் உள்ள பீட்டா குளுக்கன் என்ற நார் தினம் 3 கிராம் கிடைத்தால் பலன் தெரியும். அதற்கு ஓட்ஸ் சுமார் 75 கிராம் வேண்டும். ஓட்ஸ் பிடிக்காதவர்கள் பார்லியைக் கஞ்சியாகவோ, உடைத்து உப்புமாவாகவோ செய்யலாம். தண்ணீரை மட்டும் வடித்துக் குடித்துவிட்டுப் பார்லியைக் கொட்டினால் பெரும்பாலான நார் குப்பைக்குப் போகிறது.

இசப்கோல் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். நாளொன்றுக்குச் சுமார் 10 கிராமை இரண்டு வேளையாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையில் அடைக்கும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

4. ஒரு கைப்பிடி கடலை

பாதாமும் வால்நட்டும்தான் நல்லது என்று நினைத்துச் செலவழிக்க வேண்டாம். வேக வைத்த அல்லது வறுத்த நிலக்கடலை தினம் 30 கிராம் போதும். டீயோடு பிஸ்கட், முறுக்கு, மிக்சர் சாப்பிடும் இடத்தில் இது வர வேண்டும். அவற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால் எடைதான் ஏறும்.

5. மீனும் முட்டையும்

மத்தி, அயிலை போன்ற மீன்களை வாரம் இரண்டு முறை குழம்பாகச் சாப்பிடலாம். இவற்றில் உள்ள ஒமேகா 3 ட்ரைகிளிசரைடைக் குறைக்க உதவும். எல்.டி.எல்.லை அது குறைக்காது. ஆனால் ஆட்டுக்கறி சாப்பிடும் நாளில் மீன் சாப்பிட்டால் அந்த மாற்றமே லாபம். முட்டை பெரும்பாலானவர்களுக்குத் தினம் ஒன்று பரவாயில்லை. சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

உங்கள் வீட்டுக்கு ஒரு நாள் மெனு

காலை: பார்லி, பாசிப்பருப்பு சேர்த்த வெண்பொங்கல். நெய் ஒரு டீஸ்பூன் மட்டும். தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் கொத்சு.

11 மணி: ஒரு கொய்யா அல்லது நீர்மோர்.

மதியம்: இரண்டு கரண்டி சோறு, வெண்டைக்காய் சாம்பார், கீரைக் கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், ஆடை நீக்கிய பாலில் உறைய வைத்த தயிர்.

மாலை: காராமணி சுண்டல், சர்க்கரை குறைத்த டீ.

இரவு: கேழ்வரகு தோசை அல்லது இரண்டு சப்பாத்தி, காய்கறிக் குருமா. குருமாவுக்குத் தேங்காய்க்குப் பதில் பொட்டுக்கடலை அரைத்து ஊற்றுங்கள்.

பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் இதே சமையல் பொருந்தும். வளரும் பிள்ளைகளுக்கு மட்டும் நெய்யும் பாலும் சற்றுத் தாராளமாக இருக்கட்டும். தினம் அரை மணி நேர வேக நடை உங்கள் கணவருக்குக் கட்டாயம்.

கஷாயத்தில் என்ன இருக்கிறது?

பூண்டில் இருந்து ஆரம்பிக்கிறேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 192 பேருக்கு ஆறு மாதம் பச்சைப் பூண்டும் பூண்டு மாத்திரைகளும் கொடுத்துச் சோதித்தார்கள். 2007-ல் முடிவு வந்தது. எல்.டி.எல்.லில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. வேறு சில ஆய்வுகளில் சிறு குறைவு தெரிந்தது. ரசத்தில் தட்டிப் போடுங்கள், பூண்டுக் குழம்பு வையுங்கள். அது ருசிக்கு. மருந்தாக நம்ப வேண்டாம். பூண்டு மாத்திரையைப் பெரிய அளவில் விழுங்கினால் ரத்தம் உறைவது தாமதமாகலாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

வெந்தயத்தில் கரையும் நார் இருக்கிறது, அதனால் கொஞ்சம் உதவும். ஆய்வுகள் சிறியவை. தினம் ஒரு ஸ்பூன் ஊற வைத்துச் சாப்பிடுவதில் தவறில்லை. ஆப்பிள் சைடர் வினிகரை நம்பி மாதம் நூற்றுக்கணக்கில் செலவழிக்கும் அளவுக்கு ஆதாரம் கிடையாது. தேன் என்ன சொன்னாலும் சர்க்கரைதான்.

ஆன்லைனில் 'சிவப்பு ஈஸ்ட் அரிசி' என்று ஒரு கேப்சூல் விற்கிறது. இயற்கை என்று போட்டிருக்கும். அதில் இருக்கும் மொனகொலின் கே என்ற பொருளும் லோவாஸ்டாட்டின் என்ற மாத்திரையில் இருக்கும் மருந்தும் ஒன்றேதான். எந்தக் கேப்சூலில் எவ்வளவு இருக்கிறது என்பது நிலையாக இல்லை. மாத்திரையோடு இதையும் சேர்த்து விழுங்கினால் இரட்டை அளவாகிவிடும்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். ஸ்டாட்டின் மாத்திரை பிறந்ததே பூஞ்சையில் இருந்துதான். ஜப்பானின் அகிரா எண்டோ 1970-களில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, நீலப் பச்சையாகப் படரும் ஒரு பெனிசிலியம் பூஞ்சையில் முதல் ஸ்டாட்டினைக் கண்டுபிடித்தார். 'இயற்கை', 'செயற்கை' என்று பெயர் பார்த்துப் பயப்படவோ நம்பவோ வேண்டாம். எவ்வளவு வேலை செய்கிறது, எவ்வளவு பாதுகாப்பானது என்பதைப் பார்ப்போம்.

இருவருக்கும் ஒரே கணக்கு இல்லை

சகோதரி, உங்கள் கணவருக்கு டாக்டர் மூன்று மாதம் கொடுத்தது சரிதான். ஒரு சந்தேகம் மட்டும். அண்ணனுக்கு 52 வயதில் ஸ்டென்ட் வைத்ததை அந்த டாக்டரிடம் சொன்னீர்களா? உடன்பிறந்த ஆணுக்கு 55 வயதுக்கு முன்பே இதய நோய் வந்திருந்தால் தம்பிக்கும் அபாயம் கூடுதல் என்றுதான் கணக்கிடுவார்கள். ஆபீஸ் டெஸ்ட் ரிப்போர்ட்டில் இந்த விவரம் இருக்காது. அடுத்த முறை முதலில் இதைச் சொல்லுங்கள். லைப்போபுரோட்டீன் (ஏ) என்ற பரிசோதனையை இருவருக்கும் ஒரு முறை எடுக்கலாமா என்றும் கேளுங்கள். அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, சாப்பாட்டால் மாறாது.

மூத்தாரின் கணக்கு முற்றிலும் வேறு. ரிப்போர்ட்டில் 'பார்டர்லைன்' என்று அச்சடித்திருப்பது பொதுவான அளவுகோல். ஒரு முறை இதயக்குழாய் அடைத்து ஸ்டென்ட் வைத்தவருக்கு அது பொருந்தாது. இந்திய இதயநோய் மருத்துவர்கள் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, அவரைப் போன்றவர்களுக்கு எல்.டி.எல். 55-க்குக் கீழே இருக்க வேண்டும்.

அவருடைய 138-ஐ உங்கள் சமையல் 13 சதவீதம் குறைத்தால் 120. கனடாவில் ஆராய்ச்சியாளர்களே உணவு கொடுத்துக் கிடைத்த 28 சதவீதத்தை எடுத்துக்கொண்டால்கூட 99. எந்தக் கைப்பக்குவமும் அதை 55-க்குக் கொண்டுபோகாது. இது உங்கள் சமையலின் குறை இல்லை. சாப்பாட்டின் எல்லை அவ்வளவுதான்.

எல்.டி.எல். சுமார் 39 குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் குறைகின்றன என்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாலு மாதத்தில் அவருக்கு ஏறியிருப்பது 74.

இன்னொன்றையும் உடனே பாருங்கள். நிறுத்தியது கொலஸ்ட்ரால் மாத்திரையை மட்டும்தானா? ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையும் அந்த அட்டைகளில் இருந்தால், இந்த வாரம் என்றுகூடக் காத்திருக்க வேண்டாம். இன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

கால் வலியைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஸ்டாட்டினால் சிலருக்குத் தசை வலி வருவது உண்மை. ஆனால் மருந்து எது, வெறும் மாத்திரை எது என்று தெரியாமல் கொடுத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வலி என்று சொன்னவர்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு மாத்திரை காரணமாக இல்லை. வைட்டமின் டி குறைவு, தைராய்டு, மூட்டு என்று வேறு காரணங்கள் இருக்கலாம். மாத்திரைதான் காரணம் என்றாலும் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், எஸெட்டிமைப் போன்ற வேறு வகை மருந்தைச் சேர்க்கலாம். வழிகள் இருக்கின்றன. சொல்லாமல் நிறுத்தினால் அந்த வழிகள் எதுவும் திறக்காது.

எப்படிச் சொல்வது?

மூத்தாரை எதிர்த்துப் பேச உங்களுக்குத் தயக்கம் இருக்கும். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த ரகசியத்தை நீங்கள் தனியாகச் சுமக்கக் கூடாது. இன்று இரவே ஓர்ப்படியிடம் சொல்லுங்கள். கோள் மூட்டுவதாக நினைக்க வேண்டாம். அவர் கணவரின் உயிர், அவருக்குத் தெரிய வேண்டும். டாக்டரிடம் போகும்போது இரண்டு ரிப்போர்ட்டையும், பிரிக்காத அட்டைகளையும், கஷாயப் பாட்டிலையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். அதன் பிறகு இந்தப் பக்கத்தை போனில் திறந்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள். கீழே இருப்பது அவருக்கு.

பெரியவருக்கு...

அண்ணா, வணக்கம். தம்பி மனைவி கையால் சாப்பிடும் சாப்பாட்டின் மீது உங்களுக்கு இருக்கும் நம்பிக்கையைப் படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சாப்பாட்டை விடாதீர்கள். மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அது வேண்டும். அது இருந்தால் பல நேரம் குறைந்த அளவு மாத்திரையிலேயே வேலை முடியும்.

ஆனால் ஸ்டென்ட் ஒரு இடத்து அடைப்பைத்தான் திறந்து வைத்திருக்கிறது. மற்றக் குழாய்களும் அதே 54 வருஷம் ஓடியவை. 64 என்ற எண் சமையலால் வந்ததில்லை, மாத்திரையால் வந்தது. கால் வலியை டாக்டரிடம் சொல்லுங்கள். சொன்னால் மாற்றிக் கொடுப்பார்.

அந்தப் பெண் உங்களிடம் நேரில் கேட்கத் தயங்கி எனக்கு எழுதியிருக்கிறாள். நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், 'என் சமையலை நம்பித்தானே' என்று காலம் முழுக்கத் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வாள். அந்தப் பாரத்தை அவள் தலையில் வைக்காதீர்கள் அண்ணா. நாளைக் காலை டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள். மாலையில் சுண்டல் தயாராக இருக்கும்.

வாசகர்களே, உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவையும் இன்று ஒரு முறை திறந்து பாருங்கள். எண்ணிக்கை சரியாக இருக்கிறதா?

அடுத்த வாரம், தள்ளிப்போட்ட தீபாவளிப் பலகாரங்களோடு சந்திப்போம்.